மீன் லாரியில் தனி ஃபியூஸ், ரிலே பெட்டி பொருத்துவது எப்படி?

கேட்டவர்: முதுநகர் லோடு

வணக்கம். கடலூர் முதுநகர் துறைமுகத்திலிருந்து மீன் ஏற்றிச் செல்லும் லாரி ஒன்றைச் சொந்தமாக வைத்து ஓட்டுகிறேன். இரண்டு பேட்டரிகள் கொண்ட 24 வோல்ட் வண்டி; பி.எஸ்.6 புகைத் தரத்தைச் சேர்ந்தது. வாங்கிய பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்ததில் இப்போது 70 வாட் பல்பு போட்ட பனி விளக்குகள் இரண்டு, பின்னால் மீன் பெட்டி இறக்கும் இடத்தில் 48 வாட் எல்.இ.டி. விளக்குகள் இரண்டு, கேபினில் ஒரு மின்விசிறி, ரிவர்ஸ் கேமராவும் அதன் திரையும், செல்போன் சார்ஜர் ஆகியவை இருக்கின்றன. இவை எல்லாம் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு பட்டறைகளில் போட்டவை என்பதால், எந்த ஒயர் எங்கிருந்து வருகிறது என்று எனக்கே தெரியாது.

சென்ற மாதம் விடியற்காலையில் சிதம்பரம் நோக்கிப் போய்க்கொண்டிருந்தபோது, புதுச்சத்திரத்தைத் தாண்டியதும் டாஷ்போர்டுக்கு அடியிலிருந்து ஒயர் கருகும் வாடை வந்தது. வண்டியை ஓரம் கட்டி, பேட்டரி கட்-ஆஃப் சுவிட்சை அணைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். பனி விளக்குச் சுவிட்சுக்குப் போகும் ஒயர் ஒரு இரும்புத் தகட்டின் விளிம்பில் உரசி, அங்கிருந்து ஒரு சாண் நீளத்துக்கு உருகி, பக்கத்திலிருந்த கம்பெனி ஒயர்க் கட்டோடு ஒட்டிக்கிடந்தது. அந்த ஒயரில் ஃபியூஸ் இல்லாமல் இல்லை. 30 ஆம்பியர் பச்சை ஃபியூஸ் இருந்தது, அது போகவே இல்லை.

இனி கூடுதலாகச் சேர்த்த எல்லாவற்றையும் கழற்றி, தனியாக ஒரு ஃபியூஸ், ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இயக்கி அணைக்கும் சுவிட்ச்) பெட்டி வைத்து ஒழுங்காகச் செய்துவிட விரும்புகிறேன். பெட்டியை எங்கே வைப்பது, மெயின் ஃபியூஸ் எத்தனை ஆம்பியர் போடுவது, எந்தக் கனத்தில் ஒயர் இழுப்பது என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். மெயின் ஃபியூஸுக்குப் பதிலாக வீட்டு எம்.சி.பி. (மின்சாரம் அளவை மீறினால் தானாக விழும் சுவிட்ச்) போடலாம் என்று ஒருவர் சொன்னார். அது சரியா? ஏர் ஹாரன் ஒன்றையும் இதிலேயே சேர்க்க எண்ணியிருக்கிறேன்.

பதில்: மேட்டுப்பாளையம் பட்டறை

புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் லாரிகளுக்கு எலக்ட்ரிகல் வேலை செய்கிறேன். உங்கள் வண்டியில் நடந்தது போன்ற வேலை மாதத்துக்கு ஒன்றிரண்டாவது என்னிடம் வருகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஃபியூஸ் விளக்கைக் காப்பதற்காக அல்ல, ஒயரைக் காப்பதற்காகவே இருக்கிறது. உங்கள் பனி விளக்குகள் இரண்டும் சேர்ந்து 140 வாட். அதை 24 ஆல் வகுத்தால் 6 ஆம்பியருக்கும் குறைவுதான். அதற்கு இழுத்த ஒயர் 10 ஆம்பியரைத் தாங்கியிருக்கலாம். அது தகட்டில் உரசிப் பாடியைத் தொட்டபோது 20, 25 ஆம்பியர் ஓடியிருக்கும். அந்த அளவில் ஒயர் அடுப்புக் கம்பியாகச் சிவக்கும், ஆனால் 30 ஆம்பியர் ஃபியூஸுக்கு அது சாதாரண ஓட்டம்தான். ஆகவே ஃபியூஸ் எப்போதும் கருவி எடுக்கும் மின்சாரத்துக்குச் சற்று மேலேயும், ஒயர் தாங்கும் அளவுக்குக் கீழேயும் இருக்க வேண்டும். பனி விளக்குகளுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயரும் 10 ஆம்பியர் சிவப்பு ஃபியூஸும் போதும். பின் விளக்குகள் 4 ஆம்பியர் எடுக்கும், அதற்கு 7.5 ஆம்பியர் பழுப்பு நிற ஃபியூஸ் போடுங்கள். மின்விசிறியும் கேமராவும் தனித்தனி 5 ஆம்பியரில் அடங்கிவிடும்.

எல்லாம் ஒரே நேரத்தில் ஓடினாலும் மொத்தம் 13 ஆம்பியரைத் தாண்டாது. பேட்டரியிலிருந்து பெட்டிக்கு 6 சதுர மில்லிமீட்டர் ஒயரை இழுத்து, 30 ஆம்பியர் மெயின் ஃபியூஸ் போடுங்கள். 5 மீட்டர் நீளம் என்று வைத்துக்கொண்டால் அந்த ஒயரில் இழக்கும் வோல்டேஜ் கால் வோல்ட்டுக்கும் குறைவு. இந்த மெயின் ஃபியூஸைப் பெட்டிக்குள் வைக்காமல், பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் வைப்பதே முக்கியம். பெட்டிக்குள் வைத்தால் பேட்டரிக்கும் பெட்டிக்கும் இடையே சேஸிஸோடு (வண்டியின் அடிச்சட்டத்தோடு) போகும் 5 மீட்டர் ஒயருக்கு எந்தக் காப்பும் இருக்காது. வண்டியிலேயே அதிகம் உரசும் இடமும் அதுதான். இணைப்பைக் கட்-ஆஃப் சுவிட்சுக்குப் பிறகு எடுங்கள். அப்போதுதான் அன்று நீங்கள் செய்ததைப் போல ஒரே திருப்பில் எல்லாவற்றையும் அணைக்க முடியும்.

வீட்டு எம்.சி.பி. வேண்டாம். வீட்டில் வரும் ஏ.சி. மின்சாரம் ஒரு விநாடிக்கு 100 முறை சுழியைத் தொட்டுத் திரும்புவதால், சுவிட்ச் திறக்கும்போது எழும் தீப்பொறி தானாக அணைகிறது. டி.சி.யில் அப்படி அணைய வாய்ப்பில்லை. லாரியின் அதிர்வில் அதன் நெம்புகோல் தானாக விழுவதையும் பார்த்திருக்கிறேன்.

ரிலே வாங்கும்போது உள்ளே உள்ள காயில் (காந்தமாகிச் சுவிட்சை இழுக்கும் கம்பிச் சுருள்) 24 வோல்ட்தானா என்று பார்த்து வாங்குங்கள். 12 வோல்ட் ரிலேயை மாட்டினால் காயில் கொஞ்ச நேரத்திலேயே கருகிவிடும். 12 வோல்ட் ரிலேயில் 40 ஆம்பியர் என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, 24 வோல்ட் ரிலேயில் பெரும்பாலும் 20 ஆம்பியர் என்று இருப்பது குறைவாகத் தெரியலாம். வோல்டேஜ் கூடும்போது முனைகளில் தீப்பொறியும் கூடுவதால்தான் அப்படிக் குறித்திருக்கிறார்கள். உங்கள் தேவைக்கு அது தாராளம். 30ஆம் முனையில் ஃபியூஸ் வழியாக வரும் மின்சாரம், 87இல் விளக்குக்குப் போகும் ஒயர், 86இல் சுவிட்ச், 85இல் எர்த் என்று கொடுங்கள். ஐந்து முனை ரிலேயாக இருந்தால் நடுவில் உள்ள 87ஏ முனையை எதிலும் இணைக்காதீர்கள், சுவிட்சை அணைத்திருக்கும்போதும் அதில் மின்சாரம் இருக்கும். காயில் எடுப்பது 0.1 ஆம்பியருக்கும் குறைவு என்பதால், இனி டாஷ்போர்டுக்குள் கனமான மின்சாரமே வராது. வண்டி பி.எஸ்.6 என்பதால் டயோடு (மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் பாகம்) உள்ளடங்கிய ரிலேயாக வாங்குங்கள். காயில் அணையும்போது எழும் வோல்டேஜ் உதைப்பு, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈ.சி.யு. பக்கம் போகாமல் அது தடுக்கும். அத்தகைய ரிலேயில் 86, 85 முனைகளை மாற்றிக் கொடுத்தால் டயோடு போய்விடும்.

மின்விசிறி, கேமராவுக்கான ரிலேயைச் சாவி போட்டால் மட்டும் வேலை செய்யும்படி வையுங்கள். பின் விளக்குகளை அப்படிச் செய்ய வேண்டாம்; இன்ஜினை நிறுத்திவிட்டுத்தான் பெட்டி இறக்குவீர்கள்.

பதில்: பண்ருட்டி சாலை

மேலே உள்ளவர் சொன்ன எல்லாவற்றையும் ஏற்கிறேன். ஆனால் ஒன்றைக் கேட்க வேண்டியிருக்கிறது. கடையில் கிடைக்கும் ரிவர்ஸ் கேமரா, திரை, சார்ஜர் போன்றவற்றில் பல 12 வோல்ட்டில் மட்டுமே ஓடுபவை. உங்கள் வண்டி 24 வோல்ட். இப்போது அவற்றுக்கு 12 வோல்ட் எங்கிருந்து வருகிறது?

முதுநகர் லோடு

இரண்டு பேட்டரிகளையும் இணைக்கும் கட்டையிலிருந்து ஒரு ஒயர் எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள், ஐயா. நன்றாகத்தான் வேலை செய்கிறது.

பதில்: பண்ருட்டி சாலை

அப்படியென்றால் ஒரு பேட்டரி மட்டும் அடிக்கடி தண்ணீர் கேட்கிறதா என்று பாருங்கள்.

நடு இணைப்பிலிருந்து எடுக்கும்போது, எர்த் பக்கம் உள்ள பேட்டரி மட்டுமே கேமராவுக்கும் சார்ஜருக்கும் மின்சாரம் தருகிறது. இன்ஜினோடு சுழன்று பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டருக்கு அது தெரியாது. இரண்டையும் ஒரே பேட்டரியாக எண்ணி, மொத்தம் 28 வோல்ட் அளவுக்குச் சார்ஜ் செய்கிறது. காலியாகிக்கொண்டே இருக்கும் பேட்டரி தன் பங்கான 14 வோல்ட்டை எட்டாமல் 13 சொச்சத்தில் நிற்க, மிச்சம் முழுவதும் மற்றதன் தலையில் விழுகிறது. ஒன்று சார்ஜ் போதாமல் தகட்டில் சல்பேட் படிந்து சாகிறது, மற்றது அதிக சார்ஜில் கொதித்துத் தண்ணீர் வற்றிச் சாகிறது. நான் சில மாதங்களில் இரண்டு பேட்டரிகளை இப்படி இழந்தேன். பேட்டரி விற்ற கடையைத்தான் வீணாகக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். 24 வோல்ட்டை 12 வோல்ட்டாக மாற்றும் கன்வெர்ட்டர் ஒன்றை வாங்கி, புதிய பெட்டியில் அதற்கென்று ஒரு ஃபியூஸ் கொடுத்துவிடுங்கள். 12 வோல்ட் கருவிகள் அனைத்தும் அதன் பின்னால் வரட்டும்.

முதுநகர் லோடு

இப்போதுதான் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு வருகிறேன். வெளிப்பக்கத்து பேட்டரியில் தண்ணீர் தகட்டு மட்டத்துக்கு இறங்கியிருக்கிறது. எர்த் போகும் பேட்டரியில் அளவுக் கோட்டில் நிற்கிறது. நீங்கள் சொன்னது போலவேதான். மிக்க நன்றி, ஐயா.

பதில்: தேங்காய்த்திட்டு ஐஸ் வண்டி

நானும் மீன் வண்டிதான் வைத்திருக்கிறேன். நம்முடைய வண்டிகளில் ஒயரைவிடப் பெரிய எதிரி உப்பு. ஐஸ் உருகி வழியும் தண்ணீர், துறைமுகத் தரையில் தேங்கும் தண்ணீர், கடற்காற்று என்று மூன்று வழியிலும் அது வருகிறது. டேப் சுற்றிய ஒரு இணைப்பைப் பிரித்துப் பாருங்கள். செம்பு இழைகள் பச்சைபிடித்து, விரலால் நசுக்கினால் பொடியாக உதிரும். அந்தப் பச்சை, ஒயரின் மேலுறைக்குள் ஒரு விரற்கடைக்கு மேல் ஏறியிருக்கும். டேப் தண்ணீரைத் தடுப்பதில்லை, உள்ளே போன தண்ணீரை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது.

அதனால் பெட்டியைச் சேஸிஸில் வைக்காமல் கேபினுக்குள், கிளீனர் சீட்டுக்குப் பின்னால் உள்ள சுவரில், முழங்கால் உயரத்துக்கு மேல் வையுங்கள். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த இரவில், 24 மணி நேரத்தில் 48 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அன்று தெருவில் நின்ற என் வண்டியில் கேபின் படிக்கட்டு வரை தண்ணீர் வந்தது. சேஸிஸில் வைத்திருந்த ரிலேக்கள் அத்தனையும் போயின. சீட்டுக்குப் பின்னால் இருந்த ஃபியூஸ் பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை.

ரிலேயின் முனைகள் கீழ்நோக்கி இருக்க வேண்டும். பெட்டிக்குள் நுழையும் முன் ஒயர்கள் ஒருமுறை கீழே தொங்கி மேலேறி வரட்டும். வழிந்து வரும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும். முடிந்தால் ஈயம் பூசிய செம்பு ஒயராக வாங்குங்கள். ஒயர் முனையில் மாட்டும் லக்கைக் கிரிம்பிங் கருவியால் அழுத்தி, உள்ளே பசை உள்ள சூட்டில் சுருங்கும் ஸ்லீவைப் போடுங்கள். சால்டர் வைத்த இடம் விறைப்பாகி, அதிர்வில் அதன் ஓரத்திலேயே முறியும்.

இன்னொன்று: உங்களுடையது சாயும் கேபின் என்றால், ஒயரைக் கம்பெனி ஒயர்க் கட்டு போகும் வழியிலேயே, கேபின் சாயும் கீல் அருகே, போதிய தளர்வு விட்டுக் கொண்டுபோங்கள். வேலை முடிந்ததும் கேபினை முழுவதும் சாய்த்துப் பார்த்த பிறகே டை கட்டி இறுக்குங்கள். எர்த்தையும் மறக்க வேண்டாம். பெட்டியிலிருந்து பிளஸ் ஒயரின் அதே கனத்தில் ஒரு எர்த் ஒயரைச் சேஸிஸுக்குக் கொண்டுபோய், பெயிண்டைச் சுரண்டி வெள்ளை இரும்பு தெரிந்த பிறகு போல்ட்டை இறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள்.

முதுநகர் லோடு

வேலையை இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் முடித்துவிட்டேன். பழைய ஒயர்களை உருவியபோது, கம்பெனி ஃபியூஸ் பெட்டியின் ஒரே முனையில் மூன்று ஒயர்களை முறுக்கிச் செருகியிருந்தது தெரிந்தது. உருகிய இடத்தில் கம்பெனி ஒயர்கள் இரண்டின் மேலுறையும் போயிருந்ததால் அவற்றையும் மாற்ற வேண்டியிருந்தது.

இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 27.9 வோல்ட் காட்டுகிறது. முன்பு பனி விளக்கின் முனையில் அளந்தபோது 25.2 வோல்ட்தான் இருந்தது, இப்போது 27.3 வருகிறது. வெளிச்சத்தில் உள்ள வேறுபாடு கண்ணுக்கே தெரிகிறது. கன்வெர்ட்டர் போட்ட பிறகு இரண்டு பேட்டரிகளிலும் தனித்தனியாக அளந்தால் 13.8, 14.1 என்று இருக்கிறது. இவை போதுமா? பெட்டியில் இரண்டு ஃபியூஸ் இடங்கள் காலியாக உள்ளன. ஏர் ஹாரனைப் பற்றி யாரும் சொல்லவில்லை.

பதில்: மேட்டுப்பாளையம் பட்டறை

அளவுகள் நன்றாக இருக்கின்றன. வற்றிய பேட்டரியில் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, இரண்டையும் ஒருமுறை தனித்தனியாக வெளியே முழுச் சார்ஜ் ஏற்றுங்கள், அந்த 0.3 வோல்ட் இடைவெளி இன்னும் குறையும்.

ஏர் ஹாரனை விட்டுவிடுங்கள். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989இன் 119ஆம் விதி பல ஸ்வர ஹாரன்களையும், காதைப் பிளக்கும் ஒலி எழுப்புபவற்றையும் அனுமதிப்பதில்லை. என் பட்டறையில் நான் அவற்றைப் போட்டுக் கொடுப்பதில்லை. காலி இடங்களில் 10 ஆம்பியரிலும் 5 ஆம்பியரிலும் ஒவ்வொரு ஃபியூஸைச் செருகி வையுங்கள், நடுவழியில் தேட வேண்டியிருக்காது. எந்த ஃபியூஸ் எதற்கு என்பதைத் தமிழில் எழுதி, மூடியின் உட்புறத்தில் ஒட்டிவிடுங்கள். முதல் 500 கிலோமீட்டர் ஓடியதும் மெயின் ஃபியூஸின் இரண்டு நட்டுகளையும் எர்த் போல்ட்டையும் ஒருமுறை இறுக்குங்கள்; புது லக்குகள் அதிர்வில் படிந்து சற்றுத் தளர்ந்திருக்கும். அப்போது மெயின் ஃபியூஸைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடாக இருந்தால் கவலையில்லை. விரல் வைக்க முடியாத அளவுக்குச் சுட்டால் அங்கே லக் சரியாக அழுந்தவில்லை என்று பொருள். அதை வெட்டிவிட்டுப் புது லக் போடுங்கள்.