தரை நம்மை ஏன் தாங்குகிறது? வகுப்பில் விளக்க உதவி தேவை

பதினொன்றாம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறேன். செங்குத்து விசை (ஒரு பரப்பு தன் மேல் உள்ள பொருளைத் திருப்பித் தள்ளும் விசை) நடத்தும்போது ஒரு மாணவி கேட்டாள்: "அணுவில் பெரும்பாலும் வெற்றிடம்தானே, அப்புறம் ஏன் தரைக்குள் விழுவதில்லை?" அருமையான கேள்வி.

எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலக்கும் என்றேன். "மொத்தத்தில் அணு நடுநிலைதானே?" என்றாள். சரிதான். பாரம் வைத்த மெத்தையைக் காட்டி, தரையும் துளி அமுங்கித்தான் தாங்குகிறது என்றேன். அது விசையின் அளவைச் சொல்கிறது, காரணத்தை அல்ல.

இரண்டு எலக்ட்ரான்கள் ஒரே நிலையில் இருக்க முடியாது என்ற பௌலி தவிர்க்கைத் தத்துவத்தை வைத்துத்தான் 1967இல் இயற்பியலாளர்கள் டைசனும் லெனார்டும் பொருளின் நிலைத்தன்மையை நிறுவினார்கள். அந்தக் கணிதம் பிள்ளைகளுக்கு எட்டாது. தத்துவத்தை மட்டும் வேதியியலில் படித்திருக்கிறார்கள்.

அடுத்த வாரம் மறுபடி இந்தப் பாடம். இந்தத் தத்துவம், காலடியில் நாம் உணரும் தள்ளுவிசையாக எப்படி மாறுகிறது என்பதை அலைச்சார்பு என்ற குவாண்டம் கணிதம் இல்லாமல் எப்படி விளக்குவீர்கள்?