நாகப்பட்டினத்துக்கு வந்த டச்சு கேப்டனைத் தேடுவது எப்படி?

அல்சூர்வாசி: 1658-ல் போர்ச்சுகீசியரிடமிருந்து நாகையைப் பிடித்த டச்சுக் கப்பல்களில் வந்த ஒரு கேப்டனைப் பெங்களூரில் உட்கார்ந்தபடி தேடுகிறேன், சொந்த ஊர் நாகை என்பதால் விட மனசில்லை. எங்கே தொடங்கலாம்?

கடலோடி: டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி ஆளா, டச்சுக் கடற்படை ஆளா என்று முதலில் பாருங்கள். கடற்படை என்றால் சிரமம்தான், அந்த ஆவணங்களில் நிறைய 1844-ல் ஹேக் நகரில் தீயில் போய்விட்டன. கம்பெனி என்றால் கப்பல் பெயரைப் பிடித்துக்கொண்டு போங்கள். ஹாலந்துக்கும் ஆசியாவுக்கும் இடையே ஓடிய கப்பல்களின் பட்டியல் இணையத்திலேயே இருக்கிறது, பல பயணங்களுக்குக் கேப்டன் பெயரும் உண்டு.

பழஞ்சுவடி: பெயரில் கவனம் சார். 'யான்ஸ்' என்றால் யானின் மகன், நம் இனிஷியல் மாதிரி அப்பா பெயர். அதையே 'யான்சோன்' என்றும் எழுதுவார்கள்.

அல்சூர்வாசி: அப்படியா! சரி, இன்றிரவே கப்பல் பெயரிலிருந்து தொடங்குகிறேன்.