உலர் பசையா, பசையிலா ஒட்டியா?

அன்புடையீர், வணக்கம்.

பல்லியின் பாதத்தைப் பார்த்து, மயிரினும் மிக மெல்லிய நானோ இழைகளால் செய்யப்படும் ஒட்டுப்பொருளுக்கு ‘உலர் பசை’ என்ற கலைச்சொல்லை நம் குழுவில் எழுதிய ஐயா அவர்கள் முன்மொழிந்திருந்தார்கள். எளிதில் புரியும் சொல்தான். ஆயினும் என்னால் ஏற்க இயலவில்லை. தமிழில் பசை என்றாலே அதில் ஈரம் உண்டு. மண்ணில் ஈரப்பசை இருக்கிறதா என்றுதான் கேட்கிறோம். ‘உலர்’ என்ற அடையோ, உலர்திராட்சையைப் போல, முன்பு ஈரமாக இருந்து காய்ந்ததைக் குறிக்கும். இப்பொருளில் எந்தக் கட்டத்திலும் ஈரத்துக்கு வேலையில்லை.

காரைக்குடியில் எங்கள் வீட்டு வளவுச் சுவர், முட்டை வெண்கரு சேர்த்த சுண்ணாம்புப் பூச்சால் கண்ணாடிபோல் இழைக்கப்பட்டது. அதில் ஏறும் பல்லியை அருகில் நின்று கவனித்தால், ஒவ்வோர் அடிக்கும் அது விரலை நுனியிலிருந்து மேல்நோக்கிச் சுருட்டி உரித்தெடுப்பது தெரியும். சுவரில் பிசுக்கு எதுவும் மிஞ்சுவதில்லை. விரலடி நுண்மயிர்களின் கிளைநுனிகள் ஏறத்தாழ 200 நானோமீட்டர் அகலமே உடையவை. அவை வான் டெர் வால்சு விசையால், அதாவது மூலக்கூறுகள் மிக நெருங்கும்போது எழும் மெல்லிய ஈர்ப்பால், ஒட்டுகின்றன என்பதற்குக் கெல்லர் ஆட்டம் என்னும் உயிரியலாளரின் குழுவினர் 2002இல் சான்று காட்டினர். எனவே ‘பசையிலா ஒட்டி’ என்பதே என் பரிந்துரை. ‘உடும்புப்பிடி’ என்று பெயரிட்டாலும் பொருந்தாது, ஏனெனில் உடும்பு நகத்தால் பற்றுவது. ‘பற்று’ என்றால் நெற்றியில் குழைத்துப் போடும் பற்றும் நினைவுக்கு வரும், எங்கள் ஊர்க் கணக்கேட்டின் பற்று வரவும் நினைவுக்கு வரும்.

இந்த ஒட்டியைக் கணினியில் மாதிரியாக்குவதற்கு வந்தால், சொல்லில் இன்னும் கண்டிப்பு வேண்டும். 1971இல் ஜான்சன், கெண்டல், ராபர்ட்சு மூவரும் தந்த, இரு பொருள்கள் தொட்டு ஒட்டுவதைக் கணக்கிடும் தொடுகைக் கோட்பாட்டின்படி, கோளநுனி ஒன்றைப் பிரித்தெடுக்கும் விசை அதன் ஆரத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். ஆகவே ஒரு நுனியை, அதே பரப்பில் அடங்கும்படி, பத்திலொரு பங்கு ஆரமுள்ள நூறு நுனிகளாகப் பகுத்தால் மொத்த விசை பத்து மடங்காகிறது. ஒரு சதுர மீட்டருக்கான ஒட்டுதல் ஆற்றலோ மாறுவதே இல்லை. இரண்டையும் ‘ஒட்டுத்திறன்’ என்று ஒரே சொல்லால் எழுதினால், மாதிரி சொல்லும் முக்கியமான செய்தியே மாணவருக்கு மறைந்துவிடும். ஆதலால் ‘பிரிவிசை’, ‘ஒட்டுதல் ஆற்றல்’ எனத் தனித்தனியே வைப்போம். ‘ஒட்டாற்றல்’ எனச் சுருக்க வேண்டாம். ஒட்டாத ஆற்றல் என்றும் அதைப் படித்து மயங்கக்கூடும்.

நுனிகளை மேன்மேலும் பகுத்துக்கொண்டே போகவும் முடியாது. இழைகளாகப் பயன்படும் கார்பன் நானோகுழாய்கள் (கார்பன் அணுக்களாலான மீநுண் குழாய்கள்) மெல்லியனவாகவும் நீளமாகவும் ஆக, சுவரை விட்டுவிட்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இதற்கு ‘திரளல்’ என்று ஐயா எழுதியிருந்தார்கள். எண்ணெய் காணாத தலைமயிருக்கு நம் வீட்டுப் பெண்கள் சொல்லும் ‘சடைபிடித்தல்’ இருக்கும்போது வேறு எதற்கு? கண்டாங்கிச் சேலை நெய்யும் வீடுகளில் பாவிழைகள் (தறியின் நெடுக்கிழைகள்) இப்படி ஒட்டிக்கொள்வதற்குத் தனிச்சொல் புழங்கினால் அன்பர்கள் எழுதுங்கள். அதையும் வைத்துப் பார்த்து முடிவு செய்யலாம்.