முல்லைத்தீவில் 15 நிமிடத்தில் திமிங்கிலமா? கடல் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

அளம்பில்_கடலோடி:
நேற்று இரவு ஒரு பதிவு பார்த்தேன். அதற்குப் பிறகு நித்திரை வரவில்லை. வவுனியா_பயணி என்ற தம்பி எழுதியிருக்கிறார்: "திமிங்கிலம் பார்க்கத் தெற்கே மிரிஸ்ஸவுக்கும் திருகோணமலைக்கும் ஏன் ஓடுகிறீர்கள்? முல்லைத்தீவுக் கரையில் ஸ்பீட் போட்டில் ஏறினால் 15 நிமிடம். கண்ணுக்கு முன்னால் நீலத் திமிங்கிலம். கை நீட்டினால் தொடலாம்." இதை எங்கள் ஊர்ப் பெடியள் எல்லாரும் பெருமையாகப் பகிர்ந்துகொண்டிருக்கிறார்கள்.

15 நிமிடம்! நான் 27 வருடமாக இந்தக் கடலில் தொழில் செய்கிறேன். 40 குதிரைவலு எஞ்சின் பூட்டிய படகு, ஆறு பேர் ஏறினால், கண்ணாடி மாதிரிக் கடலிலும் மணிக்கு 20 கடல்மைலுக்கு மேல் ஓடாது. 15 நிமிடத்தில் 5 கடல்மைல். அந்த 5 மைலுக்குள் எந்தப் பாரில் (கடலடிப் பாறைத்திட்டில்) என்ன கல் இருக்கிறது என்று நான் இரவிலும் சொல்வேன். அங்கே சூடை இருக்கிறது, பாரை இருக்கிறது, காலத்துக்கு அறுக்குளா வரும். திமிங்கிலம் எங்கே வந்தது? யாராவது தொழிலாளி ஒருவர் வந்து "நான் 15 நிமிடத்தில் கண்டேன்" என்று சொல்லட்டும்.

வவுனியா_பயணி:
அண்ணை, உங்களுக்கு மரியாதை தருகிறேன். ஆனால் நான் பொய்க்காரன் இல்லை. சித்திரை விடுமுறைக்குக் குடும்பத்தோடு போனோம். காலை 6:10க்கு வெளிக்கிட்டோம், 6:25க்கு முதல் வீடியோ. போனில் நேரம் பதிவாகி இருக்கிறது. போன் பொய் சொல்லுமா? 15 என்றால் 15தான்.

அளம்பில்_கடலோடி:
6:10 என்பது எந்த நேரம் தம்பி? மணலில் இருந்து படகைத் தள்ளத் தொடங்கிய நேரமா, எஞ்சின் பிடித்த நேரமா? எங்கள் கரையில் ஏறி உட்கார்ந்து போவதற்குப் பாலம் இல்லை. நான்கு பேர் தோள் கொடுத்து, அலை பின்வாங்கும்போது தள்ளி, அணியத்தை (படகின் முன்பக்கத்தை) திருப்பி, ஒருவன் குதித்து ஏறி எஞ்சினை இறக்கவே 10 நிமிடம் போய்விடும். அப்படியானால் 5 நிமிடத்திலா திமிங்கிலம் கண்டீர்கள்?

வவுனியா_பயணி:
15 நிமிடம் என்று எழுதினேன். 15 நிமிடம்தான். அதில் மாற்றம் இல்லை.

கிளிநொச்சி_ரீச்சர்:
இரண்டு பேரும் ஒரு நிமிடம் பொறுங்கள். நான் உயர்தரத்துக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். அந்த வீடியோவை மூன்று தரம் பார்த்தேன். அது நீலத் திமிங்கிலமே இல்லை. நீலத் திமிங்கிலம் ஊதினால் நீராவி தூண் மாதிரி நேராக 9 மீற்றர் வரைக்கும் எழும்பும். இதில் ஊதல் முன்பக்கம் இடப்புறமாகச் சாய்கிறது. அப்படி ஊதுவது எண்ணெய்த் திமிங்கிலம். அதற்குப் பல் இருக்கிறது, ஆழத்துக்குப் போய்க் கணவாய் பிடித்துத் தின்னும். நீலத் திமிங்கிலத்துக்குப் பல்லே இல்லை, இறால் மாதிரியான சின்ன உயிர்களை வடித்துத் தின்னும். எண்ணெய்த் திமிங்கிலம் ஒருமுறை மூழ்கினால் முக்கால் மணி நேரம்கூட மேலே வராது. முதலில் என்ன பார்த்தோம் என்று தெரிந்துகொண்டு எழுதினால் நல்லது.

அளம்பில்_கடலோடி:
ரீச்சர், நல்ல விளக்கம், நன்றி. ஆனால் எந்தத் திமிங்கிலம் என்பது பிறகு. 15 நிமிடம் சரியா பிழையா, அதைச் சொல்லுங்கள்.

வவுனியா_பயணி:
ரீச்சர், படகுக்காரரே நீலத் திமிங்கிலம் என்றார். அவரைவிட உங்களுக்குத் தெரியுமா? புத்தகத்தில் படம் பார்த்துவிட்டுக் கதைக்க வேண்டாம்.

கிளிநொச்சி_ரீச்சர்:
புத்தகம் படித்ததால்தான் சொல்கிறேன். அப்புறம் இன்னொன்று. "கை நீட்டினால் தொடலாம்" என்று எழுதியிருக்கிறீர்களே, அது பெருமையா? 2012இல் வந்த ஒழுங்குவிதிப்படி திமிங்கிலத்துக்கு 100 மீற்றருக்குள் படகு போகக்கூடாது. பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு அதன் முதுகுக்குப் பக்கத்தில் எஞ்சினை இரைய விட்டுப் போயிருக்கிறீர்கள். வீடியோவில் ஒரு பிள்ளைக்காவது உயிர்காப்பு அங்கி இல்லை. எனக்கு அதைப் பார்த்து வயிறு கலங்கியது.

திருமலை_அலை:
இந்த விவாதத்தைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது. திமிங்கிலம் என்றால் திருகோணமலைதான். எங்கள் கடலில் ஆழ்கடல் பள்ளத்தாக்கு கொட்டியாரக் குடாவுக்குள்ளேயே தொடங்குகிறது. கரைக்குக் கிட்டவே பெரும் ஆழம். அதனால்தான் கோணேசர் கோயில் மலையில் நின்றே சிலவேளை ஊதலைக் காணலாம். 1983இலேயே ரியூலிப் என்ற ஆய்வுப் படகு வந்து எங்கள் கடலில் நீலத் திமிங்கிலங்களைப் பதிவு செய்தது. பிறகு சண்டை வந்து எல்லாம் நின்றது, அதனால் பெயரை மிரிஸ்ஸ தட்டிக்கொண்டு போனது. இப்போது முல்லைத்தீவும் பங்கு கேட்கிறது.

இன்னொரு விடயம். அந்த வீடியோவில் 40ஆவது நொடியில் பின்னால் கருநீலமாக மலை தெரிகிறது. முல்லைத்தீவுக் கரையில் மலை எங்கே இருக்கிறது? அது எங்கள் கடல்.

வவுனியா_பயணி:
அது மலை இல்லை, மேகம்.

திருமலை_அலை:
மலை.

வவுனியா_பயணி:
நான் அங்கே இருந்தவன். மேகம் என்றால் மேகம்.

வட்டக்கச்சி_வயல்:
நானும் பார்த்தேன். மேகம் மாதிரித்தான் இருக்கிறது. திருமலை அண்ணைக்கு எதைப் பார்த்தாலும் தன்னுடைய ஊர்தான். வன்னிக்கு ஏதாவது ஒன்று நல்லது வந்தால் பக்கத்து ஊர்களுக்குப் பொறுக்காது. வீதி வந்தது கடைசியாக, கரண்ட் வந்தது கடைசியாக. இப்போது திமிங்கிலமும் உங்களுக்குத்தானா?

அளம்பில்_கடலோடி:
வட்டக்கச்சித் தம்பி, நீர் வயல் செய்கிறீர், நல்ல வேலை. கடலைப் பற்றி நான் கதைக்கிறேன், கொஞ்சம் பொறும்.

வட்டக்கச்சி_வயல்:
யாருக்கு "நீர்" போடுகிறீர்கள்? எனக்கு வயது 52. இரணைமடுத் தண்ணியில் 30 வருடம் வயல் செய்தவன். முதலில் மரியாதையாகக் கதையுங்கள்.

அளம்பில்_கடலோடி:
வயது தெரியாமல் எழுதிவிட்டேன், அதை விடுங்கள். ஆனால் வன்னிக்கு வருவதை நான் தடுக்கிறேன் என்று சொன்னது எனக்குச் சுட்டது. சண்டை முடிந்து 2011இல் ஊருக்குத் திரும்பி வந்தபோது என்னிடம் வலையும் இல்லை, படகும் இல்லை. கடன் வாங்கிப் பழைய எஞ்சின் ஒன்று எடுத்து, இதே கரையில் தொடங்கினேன். இந்தக் கடல் பெயர் எடுத்தால் என்னைவிடச் சந்தோசப்படுகிற ஆள் இல்லை.

நான் திமிங்கிலம் கண்டவன். ஒருமுறை இல்லை, நாலைந்து முறை. முதல் முறை கண்டது ஒரு வைகாசி மாதம், வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு முந்திய கிழமை. இரவு இரண்டு மணிக்கு வெளிக்கிட்டு விடிய விடிய வெளியே ஓடியிருந்தோம். காற்று செத்துப்போய்க் கடல் எண்ணெய் மாதிரிக் கிடந்தது. எஞ்சினை நிறுத்திவிட்டுத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது பின்னால் ஒரு மூச்சு. லொறி ரயரில் காற்று திறந்துவிட்ட மாதிரிச் சத்தம். திரும்பிப் பார்த்தால் கறுத்த முதுகு ஒன்று போய்க்கொண்டே இருக்கிறது, முடியவில்லை. அந்த மூச்சின் ஈரம் எங்கள் முகத்தில் பட்டது, அழுகிய மீன் மணம். எங்களோடு வந்த பெரியவர் தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எழும்பி நின்றார். ஒருவரும் கதைக்கவில்லை. அது வாலைத் தூக்கிக் கீழே போகும்வரை யாரும் எஞ்சின் கயிற்றைத் தொடவில்லை.

அந்த இடத்தில் இருந்து கரைக்கு வர எங்களுக்கு இரண்டரை மணி நேரம் எடுத்தது. 15 நிமிடம் இல்லை.

கிளிநொச்சி_ரீச்சர்:
வால் தூக்கியதா? அப்படியானால் எண்ணெய்த் திமிங்கிலமாக இருக்கலாம், நீலத் திமிங்கிலமும் சிலது தூக்கும். ஊதல் எந்தப் பக்கம் சாய்ந்தது, ஞாபகம் இருக்கிறதா அண்ணை?

அளம்பில்_கடலோடி:
ரீச்சர், அது முக்கியம் இல்லை. இரண்டரை மணி நேரம் என்பதைக் கவனியுங்கள்.

வவுனியா_பயணி:
உங்கள் படகு மீன்பிடிப் படகு, வலையும் ஐஸும் ஏற்றிய படகு. நாங்கள் போனது ஸ்பீட் போட். பெயரிலேயே ஸ்பீட் இருக்கிறது. நீங்கள் இரண்டரை மணி நேரம் எடுத்தால் நாங்களும் எடுக்க வேண்டுமா?

அளம்பில்_கடலோடி:
சரி, என் வேகத்தைவிட மூன்று மடங்கு என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் 50 நிமிடம். 15 எங்கே, 50 எங்கே?

வவுனியா_பயணி:
திமிங்கிலம் ஒரே இடத்தில் கட்டிப் போட்டிருக்கிறதா அண்ணை? அன்றைக்குக் கிட்ட வந்தது.

திருமலை_அலை:
கிட்ட வராது. வடக்கே போகப் போகக் கண்டமேடை (கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடலடித்தளம்) அகலமாகிறது, கடல் ஆழம் குறைகிறது. பாக்குநீரிணைப் பக்கம் ஆளுயரத்துக்குக் கொஞ்சம் மேல் என்கிற அளவில்கூட இடங்கள் இருக்கின்றன. ஆழக் கடல் மிருகம் அங்கே என்ன செய்யப் போகிறது? அந்தப் படகுக்காரர் உங்களைப் புல்மோட்டைக்கும் கீழே கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார்.

வட்டக்கச்சி_வயல்:
முல்லைத்தீவு பாக்குநீரிணையிலா இருக்கிறது? வரைபடத்தைப் பாருங்கள். கிழக்குக் கடல். வங்காள விரிகுடா. தலைமன்னாரை முல்லைத்தீவோடு குழப்ப வேண்டாம்.

திருமலை_அலை:
நான் "பாக்குநீரிணைப் பக்கம்" என்றுதான் எழுதினேன். வாசிக்கத் தெரியாதவரோடு கதைத்துப் பிரயோசனம் இல்லை.

ரொறன்ரோ_முள்ளியவளை:
வணக்கம் உறவுகளே. சண்டை போடாமல் ஒரு தொழிலாகப் பாருங்கள். நாங்கள் இங்கே நாலைந்து பேர் சேர்ந்தால் இரண்டு ஸ்பீட் போட் வாங்கலாம். "15 நிமிடத்தில் திமிங்கிலம்" என்று போட்டால் அருமையான விளம்பரம். வருகிற சித்திரைக்கே தொடங்கலாம். பெடியளுக்கும் வேலை.

அளம்பில்_கடலோடி:
இதைத்தான் நான் பயந்தேன். விளம்பரத்தில் 15 என்று போட்டால் காசு கொடுத்தவன் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு இருப்பான். பெடியன் என்ன செய்வான்? எஞ்சினை முழுதாகத் திறப்பான். 15 நிமிடத்தில் திமிங்கிலம் வராது. ஓங்கில் (டொல்பின்) கூட்டம் ஒன்று வரும், அதைத் துரத்துவான். துரத்துகிற இடத்தில் எங்கள் வலை கிடக்கும், அதை அறுப்பான். திரும்பி வரும்போது சோளகம் எழும்பிவிடும். ஆனி, ஆடியில் பத்து மணிக்குப் பிறகு கரையில் இருந்து வெளியே தள்ளுகிற காற்று அது. எஞ்சின் நின்றால் படகு கரைக்கு வராது, வெளியேதான் போகும். நீச்சல் தெரியாத ஆறு பேர், ஒரு பெடியன், அங்கி இல்லை. யாரிடம் பதில் சொல்வீர்கள்?

ரொறன்ரோவில் இருந்து காசு அனுப்பலாம். காற்றை நிறுத்த முடியாது.

ரொறன்ரோ_முள்ளியவளை:
அண்ணை, நாங்கள் உதவி செய்ய வந்தால் குற்றம். வராவிட்டாலும் குற்றம். வெளிநாட்டில் பனியில் நின்று உழைத்த காசு இது. இனி நான் இந்தப் பக்கம் எழுதவில்லை.

கிளிநொச்சி_ரீச்சர்:
கடலோடி அண்ணை சொன்ன காற்று விடயம் மிக முக்கியம். அதோடு திமிங்கிலம் காட்டுகிற தொழிலுக்கு வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். மீன்பிடிக்குப் பதிந்த படகில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போக முடியாது. வவுனியா_பயணி, உங்கள் படகுக்கு அனுமதி இருந்ததா?

வவுனியா_பயணி:
அது எனக்கு எப்படித் தெரியும்? நான் காசு கொடுத்தேன், ஏறினேன், பார்த்தேன். இந்த நாட்டில் எல்லாவற்றுக்கும் பத்திரம் பார்த்துக்கொண்டா போகிறோம்? இந்திய இழுவைப் படகுகள் வந்து அடியோடு வாரிக்கொண்டு போகும்போது வராத சட்டம், என் பிள்ளைகள் திமிங்கிலம் பார்க்கப் போனால் வருகிறது.

அளம்பில்_கடலோடி:
இழுவைப் படகை இதற்குள் இழுக்க வேண்டாம். அதில் வலை இழந்தவன் நான். உங்களுக்கு அது ஒரு பேச்சு, எனக்கு அது கடன். எங்கள் பக்கத்து நாயாற்றுக் கரையில் வெளிமாவட்ட மீன்பிடிப் படகு, வெளியே இழுவைப் படகு, இனி நடுவில் ஸ்பீட் போட். நாங்கள் எங்கே வலை போடுவது?

வட்டக்கச்சி_வயல்:
அப்படியானால் உண்மையான காரணம் இதுதான். 15 நிமிடம் இல்லை, வேறு யாரும் கடலில் இறங்கக்கூடாது என்பதுதான் உங்கள் எண்ணம்.

அளம்பில்_கடலோடி:
வடிவாக வாசியுங்கள். யாரும் இறங்கட்டும். விடியமுன் இறங்கட்டும், இரண்டு எஞ்சின் பூட்டிக்கொண்டு இறங்கட்டும், ஆளுக்கொரு அங்கி போட்டு இறங்கட்டும், "மூன்று மணி நேரம் ஓட வேண்டும், காணாமலும் திரும்பலாம்" என்று சொல்லிக் காசு வாங்கட்டும். நானே அணியத்தில் நின்று வழி காட்டுவேன். 15 நிமிடம் என்று சொல்லி இறங்கக்கூடாது.

வவுனியா_பயணி:
6:10க்கு வெளிக்கிட்டோம். 6:25க்கு வீடியோ. எத்தனை தரம் சொல்வது?

அளம்பில்_கடலோடி:
சரி தம்பி. சனிக்கிழமை காலை வாரும். எண்ணெய்ச் செலவு என்னுடையது. கரையில் எஞ்சின் பிடித்தவுடன் உம்முடைய போனிலேயே நேரத்தைப் போடுவோம். 15 நிமிடத்தில் ஒரு ஊதல் காட்டினால் இந்தப் பதிவை நானே அழிக்கிறேன்.

வவுனியா_பயணி:
இப்போது காற்றுக் காலம் என்று நீங்கள்தானே சொன்னீர்கள். சித்திரையில் வருகிறேன். எனக்கும் "நீர்" போட வேண்டாம்.

திருமலை_அலை:
சித்திரையில் எங்களிடம் வாருங்கள். மலையும் காட்டுகிறோம், மேகமும் காட்டுகிறோம்.

வவுனியா_பயணி:
அது மேகம்தான்.

மாங்குளம்_சந்தி:
வணக்கம். இப்போதுதான் வாசித்தேன். ஆளுக்கு எவ்வளவு எடுக்கிறார்கள்? சின்னப் பிள்ளைகளுக்குப் பாதிக் காசா?

அளம்பில்_கடலோடி:
முதலில் எவ்வளவு நேரம் என்று கேளுங்கள்.