வேலை மாறுகிறேன்: பழைய பி.எஃப். பணத்தை எடுத்துவிடலாமா? புதுக் கம்பெனியில் 1,800-ஆ, 2,640-ஆ?

ஓஎம்ஆர் பஸ் பயணி

எல்லோருக்கும் வணக்கம். பெருங்குடியில் ஒரு கம்பெனியில் சரியாக மூன்று வருஷம் இருந்தேன், பேசிக் (அடிப்படைச் சம்பளம்) 13,000. திங்கட்கிழமை சிறுசேரியில் புது வேலை. சிடிசி (கம்பெனி எனக்காக வருஷத்துக்குச் செலவிடும் மொத்தத் தொகை) 6 லட்சம், பேசிக் 22,000. பி.எஃப். முழு பேசிக்குக்கும் பிடிக்கட்டுமா (2,640), இல்லை சட்டப்படியான 15,000 சம்பள வரம்போடு நிறுத்தட்டுமா (1,800) என்று ஹெச்ஆர் மெயிலில் கேட்கிறார்கள். கையில் கூட வரட்டும் என்று 1,800 போட நினைக்கிறேன்.

பழைய கணக்கில் 80 ஆயிரத்துச் சொச்சம் இருக்கிறது. அதை எடுத்து வண்டி வாங்கலாம் என்று ஆசை, என் பணம்தானே? இன்னொரு சந்தேகம். கம்பெனியும் 12 சதவீதம் போடும் என்றார்கள், ஆனால் பாஸ்புக்கில் மாதாமாதம் என் பங்கு 1,560, கம்பெனி பங்கு வெறும் 477. மீதியை அமுக்கிவிட்டார்களா?

பேரோல் அக்கா

தம்பி, யாரும் அமுக்கவில்லை. பாஸ்புக்கில் மூன்றாவதாக ஒரு பத்தி இருக்கும் பார், பென்ஷன் பங்கு என்று. அதில் 1,083 இருக்க வேண்டும். 477-ஐயும் அதையும் கூட்டினால் 1,560 வருகிறதா? கம்பெனி போடும் 12-ல் 8.33 சதவீதம் 1995-ல் வந்த பென்ஷன் திட்டத்துக்கு, அதாவது இபிஎஸ்-க்குப் போய்விடும், மீதி 3.67-தான் உன் பி.எஃப். கணக்குக்கு. பென்ஷன் பத்திக்கு வட்டி ஏறாது, பி.எஃப். மொத்தத்திலும் சேராது, அதனால்தான் எல்லோரும் முதல் தடவை பார்த்ததும் பதறுகிறார்கள். வாரத்துக்கு ஒருவராவது என் மேஜைக்கு இதே கேள்வியோடு வருவார்கள்.

புதுக் கம்பெனியில் பேசிக் எவ்வளவு ஏறினாலும் பென்ஷனுக்குப் போவது 1,250-க்கு மேல் இல்லை, ஏனென்றால் 2014 செப்டம்பரிலிருந்து வரம்பு 15,000. அப்புறம் முக்கியமான விஷயம்: சேரும்போது ஃபார்ம் 11 கொடுப்பார்கள். அதில் ஏற்கெனவே இபிஎஸ் உறுப்பினரா என்ற கேள்விக்கு ஆமாம் என்று எழுது, பழைய யுஏஎன் எண்ணையும் (வேலை மாறினாலும் மாறாத உன் பி.எஃப். எண்) கொடு. அவசரத்தில் இல்லை என்று டிக் அடித்தால் பென்ஷன் பங்கு நின்றுபோகும், இல்லையென்றால் இரண்டாவது யுஏஎன் உருவாகும், பிறகு அதைச் சரிசெய்ய நாயாய் அலைய வேண்டும்.

1,800 போட்டால் உன் கையில் 840 கூடும். சிடிசி கணக்கு என்பதால் கம்பெனி பங்கில் குறையும் 840-உம் பெரும்பாலும் அலவன்ஸாக வந்துவிடும், ஆக மாதம் 1,680. அது உன் வங்கிக் கணக்கில் பத்தாம் தேதி வரை இருக்குமா என்று உனக்குத்தான் தெரியும். வரியை வைத்து முடிவெடுக்காதே, உன் சம்பளத்துக்குப் புதிய முறையில் வரியே வராது. எனக்கென்றால் 2,640.

குரோம்பேட்டைக்காரன்

அக்கா சொல்வதில் கடைசி வரியை மட்டும் ஏற்க மாட்டேன். 2024-25-க்கு வட்டி 8.25 சதவீதம், பாதுகாப்பானது, சரி. ஆனால் 25 வயசுப் பையன் எல்லாவற்றையும் 58 வயசு வரை பூட்டி வைக்க வேண்டுமா? அந்த 1,680-ஐ எஸ்ஐபி-யில் (மாதாமாதம் மியூச்சுவல் ஃபண்டில் போடுவது) போடட்டுமே. போடுவான் என்றால் மட்டும்! நான் அப்படிச் சொல்லித்தான் 1,800 எடுத்தேன், முதல் ஆறு மாதம் போட்டேன், அப்புறம் போன் இஎம்ஐ வந்தது. ஆக என் பேச்சைக் கேட்காதே என்றும் வைத்துக்கொள்ளலாம்.

அம்பத்தூர் பழையவர்

தம்பி, 1,800-ஆ 2,640-ஆ என்பதைவிட அந்த 80 ஆயிரத்தைப் பற்றித்தான் எனக்குக் கவலை. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் டூல் ரூமில் வேலை பார்த்தவன் நான். 1996-லிருந்து 2003 வரை ஒரு இடம், 2010 வரை இன்னொரு இடம். இரண்டு தடவையும் வெளியே வந்ததும் ஃபார்ம் 19 (பி.எஃப். பணத்துக்கு), ஃபார்ம் 10சி (பென்ஷன் பங்குக்கு) இரண்டையும் சேர்த்துக் கொடுத்து எல்லாவற்றையும் வாங்கிவிட்டேன். முதல் பணத்தில் மொட்டை மாடியில் ஒரு அறை கட்டினேன், இரண்டாவதில் சொந்தமாக லேத் போட்டேன். லேத் மூன்றே வருஷத்தில் படுத்தது. திரும்ப 2013-ல் வேலைக்குப் போய் 2021-ல் 58 முடிந்து வெளியே வந்தேன். பென்ஷனுக்கு எழுதப் போனால், சர்வீஸ் எட்டு வருஷம்தான் ஐயா, பத்து வேண்டுமே என்றார் கவுண்டரில் இருந்தவர். 22 வருஷம் உழைத்திருக்கிறேன் என்றேன். 10சி போட்டுப் பணம் வாங்கியபோதே அந்த வருஷங்களும் போய்விட்டன என்று பொறுமையாகத்தான் சொன்னார், அவர் மேல் தப்பில்லை. கொஞ்சம் மொத்தப் பணம் வந்தது, மாதப் பென்ஷன் கிடையாது. பணத்தை எடுக்காமல் பழைய கணக்கைப் புது இடத்துக்கு மாற்றி மட்டும் விட்டிருந்தால் மூன்று இடமும் ஒரே சர்வீஸாகச் சேர்ந்திருக்கும். அப்போது யுஏஎன் எல்லாம் இல்லை, மாற்றுவது பெரிய தலைவலி, அதுவும் உண்மைதான். உங்களுக்கு போனிலேயே முடிகிறது.

பேரோல் அக்கா

ஐயா சொன்னதோடு ஒன்று. முழுப் பணத்தையும் முடித்து எடுப்பது வேலை இல்லாமல் இருப்பவர்களுக்கான வழி, நீ திங்கட்கிழமை வேலையில் சேர்கிறாய். ஐந்து வருஷம் ஆகுமுன் எடுத்தால் அது வரிக்கும் உட்படும். மாற்றிவிட்டால் பழைய மூன்று வருஷமும் அந்த ஐந்தில் சேரும்.

ஓஎம்ஆர் பஸ் பயணி

வண்டி லோனில்தான் போல. பென்ஷன் பத்தியைப் பார்த்தேன் அக்கா, 1,083 அப்படியே இருக்கிறது. 2,640-க்கே மெயில் போட்டுவிட்டேன். ஆனால் இப்போது வேறு சிக்கல். ஆதாரில் என் பேருக்குப் பின்னால் இனிஷியல் மட்டும், பி.எஃப்.-இல் அப்பா பேரே முழுசாக இருக்கிறது. வேலையை விட்ட தேதியும் காலியாக இருக்கிறது, பழைய ஹெச்ஆர் போனையே எடுப்பதில்லை.

பேரோல் அக்கா

இனிஷியல் தொல்லை நம்ம ஊருக்கே உரியது. ஆதாரில் உள்ளபடி பேரைத் திருத்த யுஏஎன் தளத்திலேயே ஜாயின்ட் டிக்ளரேஷன் போடு. விட்ட தேதியை, கடைசியாகப் பணம் கட்டிய மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழித்து, மேனேஜ் பகுதியில் மார்க் எக்ஸிட் என்பதில் நீயே போட்டுக்கொள்ளலாம், அவர் போன் எடுக்க வேண்டாம். தேதியை மட்டும் ரிலீவிங் லெட்டரைப் பார்த்துப் போடு. போகிற போக்கில் நாமினியும் பார்த்துவிடு, அநேகமாகக் காலியாகத்தான் இருக்கும்.