வனவியல் படித்த மகள்: ஊர்க்காட்டுப் பணியா, அரசுத் தேர்வா?

கொழிஞ்சாம்பாறை விவசாயி:
என் மகள் மேட்டுப்பாளையம் வனவியல் கல்லூரியில் நான்காண்டுப் பட்டப்படிப்பை முடித்து வந்திருக்கிறாள். பரம்பிக்குளம் புலிகள் காப்பகத்தில் பழங்குடி மக்களின் சூழல் மேம்பாட்டுக் குழுக்களோடு (காட்டைக் காப்பதோடு பிழைப்புக்கும் வழி செய்ய வனத்துறையோடு சேர்ந்து இயங்கும் ஊர்க்குழுக்கள்) பணியாற்றுவது, இல்லையெனில் நகரங்களில் மரம் வளர்க்கும் பணிக்குப் போவது என்று உறுதியாக இருக்கிறாள். வனத்துறைத் தேர்வு எழுது என்று நான் சொல்கிறேன். விவரம் அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

வேலந்தாவளம் பெரியவர்:
ஐயா, நீங்கள் சொல்வதே சரி. இத்தகைய பணிகள் பெரும்பாலும் திட்ட நிதியை நம்பியவை. நானும் ஒரு திட்டத்தில் ஏழாண்டுகள் களப்பணி செய்தேன். நிதி முடிந்த மாதமே எங்களை அனுப்பிவிட்டார்கள். மக்களோடு சேர்ந்து நாங்கள் எழுதிய பதிவேடுகளைக் கேட்டு வாங்கக்கூட யாரும் வரவில்லை. பெண் பிள்ளையின் உழைப்பு அப்படி வீணாகக் கூடாது.

குமுளி வாசகி:
பெரியவருக்கு நேர்ந்தது வருத்தத்துக்குரியது. ஆனால் எல்லா இடத்திலும் அப்படி முடியவில்லை. பெரியாறு புலிகள் காப்பகத்துக் காட்டில் திருட்டுத்தனமாக வயணாப் பட்டை (காட்டு இலவங்கப்பட்டை) உரித்து விற்றவர்கள் 1990களின் பிற்பகுதியில் வனத்துறையோடு உடன்பட்டு, குழுவாகச் சேர்ந்து, பயணிகளை நடைப்பயணம் அழைத்துச் செல்பவர்களாகவும் அதே காட்டைக் காவல் காப்பவர்களாகவும் மாறினார்கள். அந்தச் சூழல் மேம்பாட்டுத் திட்டத்துக்கு உலக வங்கி நிதி இருந்தது. அது 2004இல் முடிந்தபோது, பணி நின்றுபோகாதபடி அறக்கட்டளை ஒன்றை அமைத்தார்கள். இப்படிப்பட்ட அறக்கட்டளை எல்லாப் புலிகள் காப்பகங்களுக்கும் வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் வன உயிரினச் சட்டத் திருத்தமே சொல்கிறது.

வேலந்தாவளம் பெரியவர்:
அந்தக் குழுவினர் அந்த மண்ணின் மக்கள், அம்மா. தடம் பார்த்து யானையின் போக்கை அறிந்தவர்கள். அவர்களிடையே பட்டம் பெற்ற ஒருவருக்கு என்ன வேலை என்பதுதான் என் கேள்வி. கணக்கு எழுதுவதற்கு நான்காண்டுப் படிப்பு எதற்கு?

குமுளி வாசகி:
நியாயமான கேள்வி. அந்த மக்களுக்குக் காடு தெரியும். காகிதம்தான் அவர்களைத் தடுக்கிறது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி சமூக வன உரிமை, அதாவது ஊருக்குப் பொதுவான காட்டு உரிமை, கோர வேண்டுமானால் ஊர்க்கூட்டத் தீர்மானமும் எல்லை வரைபடமும் வேண்டும். பரம்பிக்குளம் பாலக்காடு மாவட்டத்தில் இருந்தாலும், சாலை வழியாகப் போக வேண்டுமானால் பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்ஸ்லிப் என்று தமிழ்நாட்டைச் சுற்றித்தான் போக வேண்டும். அங்குள்ள பழங்குடிகளான மலசரோடும் காடரோடும் தமிழில் பேசி, அலுவலகத்தில் மலையாளத்தில் எழுதத் தெரிந்த எல்லைப்புறப் பெண் அங்கே கணக்குப்பிள்ளை அல்ல. இரு தரப்பும் நம்பிப் பேசக்கூடிய ஆள்.

சித்தூர் நாற்றுப்பண்ணைக்காரர்:
நகர மரங்களைப் பற்றி யாரும் பேசவில்லை. எங்கள் பகுதி மேற்குத் தொடர்ச்சி மலையின் இடைவெளியில், வறண்ட காற்று வீசும் கிழக்குப் பாலக்காடு. இங்கே பனையும் புங்கனும் வேம்பும் நிற்கும், ஈரமண்ணில் வளரும் மரங்களை நட்டால் முதல் கோடையிலேயே கருகும். சென்ற மாதம் சாலையோரத்தில் ஒரு புங்கனைப் பார்த்தேன். நட்டபோது போட்ட இரும்புக் கூண்டை யாரும் எடுக்காததால், கம்பி பட்டைக்குள் விரல் ஆழத்துக்குப் புதைந்து, அதற்கு மேலே மரம் வீங்கி நிற்கிறது. வேரைச் சுற்றிச் சிமெண்டு பூசியிருக்கிறார்கள். மழைநீர் இறங்க ஒரு சாண் மண்கூட இல்லை. நடும் விழாவுக்கு ஆள் வருகிறார்கள், கூண்டை அறுக்க ஒருவரும் வருவதில்லை. அந்த வேலையைச் சம்பளத்துக்குச் செய்ய ஆள் வேண்டும் என்றுதான் நான் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறேன்.

வேலந்தாவளம் பெரியவர்:
தேவை இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். சம்பளம் இருக்கிறது என்பதை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. காட்டுப் பணியானால் ஊதியம் எத்தனை ஆண்டுக்கு, திட்ட நிதியிலிருந்தா அறக்கட்டளையிலிருந்தா என்பதை எழுத்தில் வாங்கட்டும். நகரப் பணியானால் நட்ட பிறகு மூன்று கோடைக்குத் தண்ணீர் ஊற்றும் செலவு மதிப்பீட்டில் சேர்ந்திருக்கிறதா என்று முதலில் கேட்கட்டும். அது இல்லாத இடத்தில் சேர வேண்டாம். தேர்வுக்கும் விண்ணப்பிக்கட்டும், ஐயா. வனச்சரகராகப் போனாலும் அந்தக் குழுக்களோடுதான் அவள் வேலை செய்தாக வேண்டும்.