முதல் வெளிநாட்டு ‘தி ஆபிஸ்’ எது? அமெரிக்காவுக்கு மகுடம் சூட்டியவர் பதில் சொல்லட்டும்

சிராங்கூன்வாசி:
பிரிட்டனின் அலுவலக நகைச்சுவைத் தொடரான ‘தி ஆபிஸ்’ பற்றிய இழையில் நண்பர் பீஷான் கணக்கர், “அதை வேறொரு நாட்டுக்கு முதன்முதலில் கொண்டுபோனவர்கள் அமெரிக்கர்கள்தாம், மற்ற நாடுகள் எல்லாம் அவர்களுடைய வெற்றியைப் பார்த்துப் பின்னால் ஓடிவந்தவை” என்று தீர்ப்பு எழுதியிருக்கிறார். அதை ஒருவரும் தட்டிக்கேட்காமல் பாராட்டிவிட்டுப் போயிருப்பதுதான் எனக்கு எரிச்சலாக இருக்கிறது. ஜெர்மனியின் ‘ஸ்ட்ரோம்பெர்க்’ புரோசீபன் ஒளிவழியில் 2004 அக்டோபரில் தொடங்கியது. அமெரிக்கத் தொடர் என்பிசி ஒளிவழியில் 2005 மார்ச் 24ஆம் தேதி தொடங்கியது. 2004க்குப் பிறகுதான் 2005 வரும் என்பதில் கணக்கருக்கே ஐயம் இருக்குமானால், அவருடைய பெயரை மாற்றிக்கொள்ளும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

பீஷான் கணக்கர்:
என் பெயரில் கை வைப்பதற்குமுன் உங்கள் ‘ஸ்ட்ரோம்பெர்க்’ யாருடைய அனுமதியோடு வந்தது என்று சொல்லுங்கள். அமெரிக்கர்கள் முறையாக உரிமம் வாங்கினார்கள். மூலத்தைப் படைத்த ரிக்கி ஜெர்வைசும் ஸ்டீபன் மெர்ச்சண்டும் அந்தத் தொடரில் நிர்வாகத் தயாரிப்பாளர்களாக இருந்தார்கள். ஜெர்மானியர்களோ எங்கிருந்து எடுத்தோம் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் தொடங்கி, மூலத்தை ஒளிபரப்பிய பிபிசி வழக்குத் தொடரப்போவதாக எச்சரித்த பிறகே, பிரிட்டிஷ் தொடரால் தூண்டப்பட்டது என்று பெயர்ப்பட்டியலில் ஒரு வரி சேர்த்தார்கள். உணவங்காடியில் மேசைமீது டிஷ்யூ பொட்டலத்தை வைத்துவிட்டு, இது என் இடம் என்று சொல்கிறவரைப் போல இருக்கிறது உங்கள் வாதம்.

சிராங்கூன்வாசி:
டிஷ்யூ பொட்டலத்தை மதித்து இடம் விடுவதுதானே நம் சிங்கப்பூர் வழக்கம்? உங்கள் உவமையே என் பக்கம் சாய்கிறது. உரிமம் எப்போது வந்தது என்று நான் கேட்கவே இல்லை. எது முதலில் திரைக்கு வந்தது என்பதுதான் கேள்வி. 2004 அக்டோபர் என்பதுதான் விடை. தன்னைப் பெரிய நகைச்சுவையாளனாக நினைத்துக்கொள்ளும் மேலாளர், அலுவலகத்துக்குள் வந்திருக்கும் ஆவணப்படக் குழு, கேமராவைப் பார்த்து மனக்குறையைக் கொட்டும் ஊழியர்கள் என எல்லாமே ‘ஸ்ட்ரோம்பெர்க்’கில் இருக்கின்றன. மூலத்தில் வரும் தாள் விற்கும் நிறுவனத்துக்குப் பதிலாகக் காப்புறுதி நிறுவனம், அதில் இழப்பீடு கோரி வரும் விண்ணப்பங்களைக் கவனிக்கும் பிரிவு. கிறிஸ்டோஃப் மரியா ஹெர்பஸ்ட் நடித்த அந்த மேலாளர், பிரிட்டிஷ் தொடரின் மேலாளர் டேவிட் பிரெண்டைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே நஞ்சு உள்ளவர். 2012 வரை ஐந்து பருவங்கள், 46 அத்தியாயங்கள் ஓடின. திரைப்படம் எடுப்பதற்காக 2011 டிசம்பரில் ரசிகர்களிடம் பணம் கேட்டபோது ஒரே வாரத்தில் பத்து லட்சம் யூரோ சேர்ந்தது. படம் 2014இல் வெளியானது. இவ்வளவும் அமெரிக்காவைப் பார்த்துப் பின்னால் ஓடியதனால் நடந்ததா?

தெம்பனிஸ் தேன்மொழி:
இருவரும் ஒரு நிமிடம் பொறுத்தால் ஒன்று கேட்கலாம். நீங்கள் ‘பதிப்பு’ என்று எதை எண்ணுகிறீர்கள்? உரிமத்தையா, ஒளிபரப்பான தேதியையா, மூலத்தின் வசனங்கள் எவ்வளவு மிஞ்சியிருக்கின்றன என்பதையா? இதை முடிவு செய்யாமல் ஆண்டும் மாதமும் பேசி என்ன பயன்? அமெரிக்கத் தொடரின் முதல் அத்தியாயம் ஏறக்குறைய பிரிட்டிஷ் வசனங்களையே திரும்பச் சொன்னது; ஸ்டேப்ளரை ஜெல்லிக்குள் வைத்துக் கொடுக்கும் குறும்புகூட அப்படியே வந்தது. 2019இல் ஹாட்ஸ்டாரில் வந்த இந்தித் தொடர் கதையை ஃபரிதாபாத்துக்குக் கொண்டுபோனது. இவை எல்லாவற்றையும் ஒரே தராசில் வைக்க முடியாது அல்லவா?

பீஷான் கணக்கர்:
தேன்மொழி அவர்களுக்குப் பிறகு விடை சொல்கிறேன். சிராங்கூன்வாசி ஒன்றை வசதியாக மறைக்கிறார். என்பிசி தன் முதல் அத்தியாயத்தை 2004ஆம் ஆண்டிலேயே படமாக்கிவிட்டது. ஒளிபரப்புக்கு நேரம் ஒதுக்கியதுதான் 2005இல். ஆகவே உங்கள் அக்டோபர் செல்லாது. மேலும், 46 அத்தியாயங்களைப் பெருமையாகச் சொல்கிறீர்கள். அமெரிக்கத் தொடர் ஒன்பது பருவங்களில் 201 அத்தியாயங்கள் வந்து 2013 மே மாதத்தில்தான் முடிந்தது. இன்னொன்றும் கேட்கத் தோன்றுகிறது. நீங்கள் ஜெர்மன் மொழி கற்றது எப்போது? மொழி தெரியாத நாடகத்துக்கு இவ்வளவு உருக்கமாக வாதாடும் வழக்கறிஞரை நான் பார்த்ததில்லை.

சிராங்கூன்வாசி:
படமெடுத்து அலமாரிக்குள் வைத்திருந்ததை எல்லாம் வெளியீடு என்று கொண்டாடுவது புது வழக்கமாக இருக்கிறது. வசனத்தின் அடியில் எழுத்து ஓடும் வசதி இருக்கிறது, ஐயா; கொரிய நாடகங்களை இந்தத் தீவில் எல்லாரும் கொரிய மொழி கற்றுக்கொண்டா பார்க்கிறார்கள்? அத்தியாய எண்ணிக்கை பெருமை என்றால், பிரிட்டிஷ் மூலம் 2001 முதல் 2003 வரை கிறிஸ்துமஸ் சிறப்பு அத்தியாயங்களையும் சேர்த்து மொத்தமே 14 அத்தியாயங்கள்தாம். உங்கள் கணக்குப்படி மூலமே கடைசி இடத்துக்குப் போய்விடும். 2004 அக்டோபர். இதற்கு மட்டும் நேரடியாக விடை சொல்லுங்கள்.

ஜூரோங் மாறன்:
எனக்கு ஜெர்மனியும் வேண்டாம், அமெரிக்காவும் வேண்டாம். நம் ஊர்ப் ‘புவா சூ காங்’ 2007இல் இங்கே முடிந்து, 2009இல் மலேசியாவின் என்டிவி7 ஒளிவழிக்குப் போனதே, அதை யாராவது எண்ணினீர்களா? குத்தகைக்காரர் ஒருவரின் தொழிலை வைத்து எடுத்த நகைச்சுவைத் தொடர் பாலம் கடந்து போயிருக்கிறது. அதை விட்டுவிட்டு எங்கோ இருப்பதற்கு இங்கே மல்லுக்கட்டுகிறீர்கள்.

சிராங்கூன்வாசி:
மாறன், அது அதே நடிகர் குர்மித் சிங், அதே மஞ்சள் காலணி, அதே பாத்திரம். ஊர் மட்டும் மாறியது. அதைத் தொடர்ச்சி என்று சொல்லலாம். இதை நான் முன்பே இன்னோர் இழையில் விளக்கியபோது, என்னை ‘விக்கிப்பீடியா மாமா’ என்று கேலி செய்தவர் யார் என்பது பீஷான் கணக்கருக்கு நன்றாகவே நினைவிருக்கும். அந்தக் கேலிக்கு இன்றுவரை வருத்தம் தெரிவிக்கவில்லை.

பீஷான் கணக்கர்:
வருத்தம் தெரிவிக்க வேண்டிய அளவுக்கு அதில் பொய் எதுவும் இல்லை. உரிமம் இல்லாதது முதலாவதாக இருக்க முடியாது.

தெம்பனிஸ் தேன்மொழி:
என் கேள்விக்கு இருவருமே விடை சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொண்டு மேலே போகிறேன். மனிதவளத் துறையில் வேலை செய்கிறவள் என்ற முறையில் எனக்குப் பெரிதாகப் படுவது ஆட்குறைப்பு. பிரிட்டிஷ் தொடரின் முதல் அத்தியாயத்திலிருந்தே ஸ்லௌ கிளையை மூடிவிடுவார்கள் என்ற அச்சம் எல்லார் தலைமீதும் தொங்குகிறது. கடைசியில் ஸ்விண்டன் கிளை ஊழியர்கள் ஸ்லௌவுக்கு வருகிறார்கள். இரண்டாம் பருவத்தின் முடிவில் வேலையை இழப்பவர் மேலாளர் டேவிட் பிரெண்டேதான். அவர் தம்மை வேலையைவிட்டு அனுப்ப வேண்டாம் என்று கெஞ்சும் இடத்தில் சிரிப்பு வராது. அமெரிக்கத் தொடரில் ஸ்டாம்ஃபோர்டு கிளை மூடப்பட்டு, கதை நடக்கும் ஸ்கிரான்டன் கிளை தப்பிக்கிறது; மேலாளர் மைக்கேல் ஸ்காட் தம் நாற்காலியில் அப்படியே இருக்கிறார். முதல் பருவத்தின் ஆறு அத்தியாயங்களில் அவரும் பிரெண்டைப் போலக் கசப்பாகத்தான் இருந்தார். இரண்டாம் பருவத்திலிருந்து அவரை அன்புக்கு ஏங்கும் மனிதராக மாற்றிக்கொண்டார்கள். ஆண்டுக்கு இருபதுக்கும் மேற்பட்ட அத்தியாயங்கள் எடுக்க வேண்டிய ஒளிவழியில் வெறுக்கத்தக்க மேலாளரை வைத்து வண்டி ஓட்ட முடியாது என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். நம் அலுவலகக் கட்டடங்கள் நிறைந்த ஷென்டன் வேயில் வேலை செய்த எவருக்கும் எந்த மேலாளர் உண்மையானவர் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பீஷான் கணக்கர்:
ஷென்டன் வேயில் வேலை செய்தால்தான் நகைச்சுவை புரியுமா? பீஷானில் வீட்டிலிருந்தபடி கணக்கு எழுதுகிறவனுக்கும் மேலாளர்கள் உண்டு, அம்மா. மைக்கேல் ஸ்காட்டை மென்மையாக்கியதனால்தான் உலகம் முழுவதும் பார்த்தது.

சிராங்கூன்வாசி:
தேன்மொழி சொன்னதில் எனக்கு ஒரே ஒரு திருத்தம்தான்: ‘ஸ்ட்ரோம்பெர்க்’ தன் மேலாளரை அப்படி மென்மையாக்காமலேயே ஐந்து பருவங்கள் ஓடியது. அதாவது, 2004 அக்டோபரில் தொடங்கிய அதே தொடர். பிரான்சின் ‘லே பூரோ’ 2006இல் கனால் பிளஸ்ஸில் ஆறே அத்தியாயங்களோடு நின்றுபோனது. அதற்கும் அமெரிக்க வெற்றிக்கும் என்ன தொடர்பு என்று கணக்கர் காட்டட்டும். 2024இல் ஆஸ்திரேலியாவில் ஃபெலிசிட்டி வார்டை மேலாளராக்கி, பெண் ஒருவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அதைக்கூட அமெரிக்கக் கணக்கில் எழுதிவிடுவார் போலிருக்கிறது. எதைக் கேட்டாலும் உரிமம் என்ற ஒன்றையே பிடித்துக்கொண்டு நிற்பவருக்கு நான் எத்தனை ஆண்டு மாதங்களைச் சொன்னாலும் காதில் ஏறாது.

பீஷான் கணக்கர்:
எதைக் கேட்டாலும் அக்டோபர் என்ற ஒன்றையே பிடித்துக்கொண்டு நிற்பவர் இதைச் சொல்கிறார்.

ஜூரோங் மாறன்:
இதில் தமிழுக்கு என்ன இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லையே? இந்தியில் 2020இல் வந்த ‘பஞ்சாயத்’ தொடர், ‘தலைவெட்டியான் பாளையம்’ என்று 2024இல் தமிழுக்கு வந்தது. கிராமத்துப் பஞ்சாயத்து அலுவலகத்தில் வேண்டாவெறுப்பாக வேலைக்குச் சேரும் இளைஞனின் கதை. எட்டே அத்தியாயங்கள். இங்கே நம் தமிழ் ஒளிவழியான வசந்தம் இப்படி ஒன்றைச் செய்யலாம்; ஏதேனும் பேட்டையில் நகர மன்ற அலுவலகம் ஒன்றை எடுத்துக்கொண்டால், மின்தூக்கிப் புகாரிலேயே ஒரு பருவத்தை ஓட்டிவிடலாம்.

சிராங்கூன்வாசி:
‘தலைவெட்டியான் பாளையம்’ அலுவலக நகைச்சுவை என்று யார் சொன்னது? பாதிக் கதை அலுவலகத்துக்கு வெளியே நடக்கிறது. ஆவணப்படக் குழுவும் கிடையாது. கேமராவைப் பார்த்து யாரும் பேசுவதும் கிடையாது.

ஜூரோங் மாறன்:
அலுவலகத்துக்கு வெளியே நடந்தால் அது வேலை ஆகாதா? நான் கட்டுமானத் தளத்தில் மேற்பார்வையாளர். உங்கள் கணக்கில் எனக்கு வேலையே இல்லை போலும்.

சிராங்கூன்வாசி:
இதற்குத் தனி இழை தொடங்குங்கள், மாறன். அங்கே வந்து விரிவாக மறுக்கிறேன்.

பீஷான் கணக்கர்:
மாறன், தொடங்குங்கள். உங்களுக்கு ஆதரவாக நானும் அங்கே வருகிறேன். அந்தத் தமிழ்த் தொடரை நான் இன்னும் பார்க்கவில்லை, இருந்தாலும் வருகிறேன்.